அணைத்த பிறகும் அடுப்பு இரைந்தால் மின்கசிவா?

"இண்டக்‌ஷன் அடுப்பை ஆஃப் செய்த பிறகும் உள்ளே சத்தம் கேட்டால் கரண்ட் கசிகிறது, உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி கடலூர், புதுச்சேரிக் குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. தவறான செய்தி.

அந்த இரைச்சல் அடுப்பின் ஃபேன் சத்தம். கண்ணாடிக்குக் கீழே ஒரு செம்புச் சுருளும், அதற்கு வரும் மின்சாரத்தை நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் விட்டுவிட்டு அனுப்பும் ஐஜிபிடி என்ற பாகமும் இருக்கின்றன. சாம்பார் கொதித்து முடிந்ததும் பாத்திரத்தின் சூடு கண்ணாடி வழியாகக் கீழே இறங்கும். அதை வெளியேற்றத்தான் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடி, தானாக நிற்கிறது. நடுவில் பிளக்கைப் பிடுங்கினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். தினமும் இப்படிச் செய்தால் ஐஜிபிடிக்குத்தான் கேடு. ஃபேன் நின்றதும் சுவிட்சை அணையுங்கள், சரி.

தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா, கரண்ட் கசிந்தால் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் டிரிப் ஆகிறதா? அதுதான் கசிவின் அறிகுறி. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது பிளக்கைப் பார்த்து. 2,000 வாட் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட் தாங்காது, 16 ஆம்பியர் வேண்டும். தேவனாம்பட்டினம் மாதிரி கடலோர வீடுகளில் உப்புக்காற்றில் பித்தளை முள் பச்சை பூத்து, பிடிப்பு விட்டுச் சூடாகும். பிளக் பழுப்பாகக் கருகியிருந்தால் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அப்புறம், அடுப்புக்கு அடியில் செய்தித்தாள் விரிக்காதீர்கள். ஃபேன் காற்று இழுக்கும் வழி பெரும்பாலும் அங்கேதான்.