சுண்டிக்குளத்துக்குக் கூடாரத்தோடு போகிறவர்களுக்கு

மாரி ஓய்ந்து தை பிறந்தால் போதும், கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்தின் கிழக்குக் கரையிலுள்ள சுண்டிக்குளம், மணற்காடு, நாகர்கோவில் பக்கம் போகிற எங்கள் பொடியளின் படங்கள் வரத் தொடங்கிவிடும். எனக்கு அதில் மெய்யான சந்தோஷம். மிதிவெடிக்கும் ஷெல்லுக்கும் பயந்து ஒரு தலைமுறையே எட்டிப் பார்க்காத கரைகள் அவை. எங்கள் பிள்ளைகள் அங்கே ஓர் இரவாவது படுத்தெழும்ப வேண்டும்.

எனக்குப் பிடிக்காதது அவர்கள் கொண்டுபோகிற சாமான்கள்தான். ஜெனரேட்டர், ஸ்பீக்கர், கலர் லைற். இது ஒன்றும் தண்ணீர்க்கரைக்குப் போகக்கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

சுண்டிக்குளம் 1938 இலேயே பறவைகள் சரணாலயமான இடம். 2015 இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். கார்த்திகை, மார்கழியில் அங்கே இறங்குகிற ஊசிவால் வாத்தும் உள்ளான்களும் சைபீரியா, மத்திய ஆசியா என்று எங்கெங்கோ இருந்து வருகின்றன. பங்குனி, சித்திரையில் அவ்வளவு தூரமும் திரும்பிப் பறக்க வேண்டும். அதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில் மேய்ந்துதான் உடம்பில் சேர்க்கின்றன. கொசு உள்ளான் என்பது குருவியளவுப் பறவை, முப்பது கிராம் இருந்தாலே பெரிது. ட்ரோன் விட்டு, கூச்சல் போட்டு ஒரு கூட்டத்தை எழுப்பினால், அது தின்று சேர்த்ததை அங்கேயே செலவழித்துவிடுகிறது. பூநாரை இரவிலும் மேயும். விடிய விடிய லைற் எரிந்தால் அந்தக் கரையை விட்டு விலகிப் போய்விடும்.

வெளிச்சத்தை அணைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருந்து பாருங்கள். கண் இருட்டுக்குப் பழகிவிடும். தண்ணீர் எது, வெட்டவெளியான தரவை நிலம் எது என்று தெரியத் தொடங்கும். தூரத்தில் பூநாரைகள் வாத்துப்போல முனகிக்கொண்டே மேய்வது கேட்கும். எங்கேயோ நரி ஊளையிடும். யாராவது எழும்பி நடந்தால் ஆட்காட்டிப் பறவை கத்திக் காட்டிக்கொடுக்கும். ஒரு பாட்டுக்காக இதை இழக்க எனக்கு மனம் வராது.

காலடியில் இருப்பதையும் பாருங்கள். 2023 இல்தான் தனி இனமென்று ஆய்வாளர்கள் நிறுவிய ஹனுமான் உப்புக்கொத்தி எங்கள் வடக்குக் கரையில் வாழ்கிற பறவை. மன்னாரில் செய்த ஆய்வுதான் அதற்கு வழி திறந்தது. அது வெறும் நிலத்தில் சின்னப் பள்ளம் பறித்து முட்டையிடும். முட்டையும் மண்ணும் ஒரே நிறம். தரவைக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் நசுக்கியதுகூடத் தெரியாமல் போய்விடுவார்.

சரி, எப்படிப் போவது? தேசியப் பூங்காவுக்குள் தங்க வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதற்கு வெளியே என்றால் அந்த ஊர்க் கடற்றொழிலாளர்களிடம் முதலில் கேளுங்கள். எந்தப் பாதை பாவனையில் இருக்கிறது, எங்கே இன்னும் மிதிவெடி எடுக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். முகமாலையில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளைப் பார்க்காத யாழ்ப்பாணத்தவர் குறைவு. இந்த விஷயத்தில் குறுக்குவழி வேண்டவே வேண்டாம்.

கூடாரத்தை மேட்டில் அடியுங்கள். மாரியில் இரணைமடுப் பக்கத்துத் தண்ணீரும் கனகராயன் ஆற்றோடு இந்தக் கடல்நீரேரிக்குத்தான் வருகிறது, பள்ளத்தில் படுத்தால் நனைவீர்கள். மணலில் கடையில் வாங்கிய ஆணி நிற்காது. உரப்பையில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைத்தால் வாடைக் காற்றுக்கும் அசையாது. குடிதண்ணீர் முழுவதையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், அங்கே இருப்பது உவர்.

நிலத்தில் பாயை விரித்துத் திறந்தவெளியில் படுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கட்டுவிரியன் இரவில்தான் திரியும். நித்திரையில் இருப்பவரைக் கடித்தால் பெரிய வலியும் இராது, பிறகுதான் வயிறு நோகும், இமை சரியும். கூடாரத்தின் ஜிப்பை எப்போதும் பூட்டி வையுங்கள். கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

நெருப்பு? மணற்காட்டுச் சவுக்கங்காட்டில் காய்ந்த சருகு மெத்தையாகக் கிடக்கிறது, அங்கே தீக்குச்சியே கிழிக்காதீர்கள். தண்ணீரோரக் கண்டல் மரங்களை விறகுக்கு வெட்டுவது அதைவிட மோசம், இறாலும் மீன்குஞ்சும் அந்த வேருக்குள்தான் வளர்கின்றன. புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போனால் இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பே தேவையில்லை. சாப்பாடு சுற்றுகிற பொலித்தீன் தாளான லஞ்ச் சீட்டை மட்டும் விட்டுவிட்டு வாழையிலையில் கட்டுங்கள். வாடை அடிக்கும்போது கைதவறுகிற லஞ்ச் சீட் நேரே தண்ணீருக்குள்தான் போகிறது.

காசு வாங்கிக் குழுவாகக் கூட்டிப்போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பாட்டு இல்லை, லைற் இல்லை, ட்ரோன் இல்லை, பத்துப் பேருக்கு மேல் இல்லை என்று விளம்பரத்திலேயே எழுதிப் போடுங்கள். அதனால் வருகிற ஆட்கள் குறைந்தால் குறையட்டும்.