கேள்விக்குப் பதில் எங்க சேர்?

இரண்டு நாளா அந்த வீடியோ எல்லார்ர சுவரிலயும் ஓடுது. அதனால கதையை நீட்டிச் சொல்லப் போறதில்ல. மட்டக்களப்பு வாவியைப் பற்றின கூட்டத்தில ஒரு பிள்ளை மைக் பிடிச்சுத் தமிழில கேள்வி கேட்டாள். "இங்கிலீசில கேளும், இல்லாட்டி இரும்" எண்டார் சேர். பிள்ளை இருந்திட்டாள். மண்டபம் சிரிச்சது. அந்த வீடியோவுக்குக் கீழ வந்து கைதட்டிற எங்கட ஆக்களைப் பார்த்துத்தான் இதை எழுதிறன்.

அவள் என்ன கேட்டாள் எண்டு ஒராளாவது கவனிச்சீங்களா? வெள்ளம் வடியட்டும் எண்டு, வாவி கடலில சேர்ற முகத்துவாரத்தை வெட்டிவிட்டா கடல் தண்ணி வாவிக்குள்ள வருதே, அந்த உப்புக்கு இறால் குஞ்சு என்ன பாடுபடும் எண்டு கேட்டாள். வாவியைப் பற்றின கூட்டத்தில, வாவிக்கரைப் பிள்ளை. அதுக்குப் பதில் எங்க?

நான் ஆங்கிலத்துக்கு எதிரியில்ல. (சிலர் இதுக்குள்ள "தமிழ்வெறி" எண்டு ரைப் பண்ணத் தொடங்கியிருப்பீங்க, கொஞ்சம் பொறுங்க.) நான் சோறு தின்னுறதே ஆங்கிலத்தில அறிக்கை எழுதித்தான். ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் அதிலதான் வருது, ஒத்துக்கொள்றன். ஆனா ஒரு மொழியைப் படிப்பிக்கிறது வேற, அதை வைச்சு வாயை மூடுறது வேற.

நான் வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரைப் பெடியன். மண்டூரில இருந்து குருமண்வெளிக்குப் பாதையில, அதான் வாவியைக் கடக்கிற மிதவையில, ஏறி ரியூசனுக்குப் போனவன். ஏ லெவல் தமிழில. பிரசாரணம், அதான் மெல்லிய சவ்வுக்குள்ளால தண்ணி உப்புக் கூடின பக்கம் போறது, எண்டா எனக்குத் தண்ணி பட்ட பாடு. கம்பசில முதலாம் வருசம் ஒருத்தர் ஒரு மணித்தியாலம் 'ஒஸ்மோசிஸ், ஒஸ்மோசிஸ்' எண்டு ஓடினார். கேட்டா சிரிப்பாங்க எண்ட பயத்தில எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டு பேசாம இருந்தன். மூண்டு கிழமைக்குப் பிறகு கன்ரீனில ஒரு அக்கா சொன்னா: "டேய், அது பிரசாரணம்டா." அழுகையும் வந்திது, சிரிப்பும் வந்திது. அந்தப் பாடத்தில ரிப்பீட் எழுதினன். தெரியாம இல்ல, கேக்காம. பின்னேரம் அம்மா கேப்பா, "இண்டைக்கு என்ன மனே படிச்ச?" தலையிடி எண்டு சொல்லிப் படுத்திருவன்.

"சிங்களப் பிள்ளைகளும் இருக்காங்களே, பொதுவா ஒரு மொழி வேணாமா?" வேணும், நியாயம். கேள்வியை ஆங்கிலத்தில ஒருக்காச் சொல்லிப்போட்டுப் பதில் சொல்லியிருக்கலாம், அரை நிமிசம். என்ர பெச்சில இருந்த சிங்கள நண்பனும் சிங்களத்தில படிச்சிட்டு வந்து என்னை மாதிரித்தான் முழுசிக்கொண்டு இருந்தான்.

"நாளைக்குக் கொழும்பில வேலை எடுக்க வேணாமா?" எடுக்கட்டும். இறாலுக்கு என்ன நடக்கும், அதைச் சொல்லுங்க.

"தமிழில விஞ்ஞானம் சொல்ல ஏலாது" எண்டு ஒரு படிச்ச மனிசன் எழுதியிருக்கார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில கிறீன் எண்ட அமெரிக்க டொக்டர் 19ஆம் நூற்றாண்டிலயே தமிழில மருத்துவம் படிப்பிச்சு, தமிழிலயே மருத்துவப் புத்தகமும் அச்சடிச்சவர். கடல் கடந்து வந்தவருக்கு ஏலும், இங்க இருக்கிற கல்லடிப் பாலம் கடந்து வாறவருக்கு ஏலாது. காரைதீவில பிறந்த விபுலானந்த அடிகள் லண்டன் பி.எஸ்.சி. எடுத்தவர், விஞ்ஞானம் படிப்பிச்சவர், பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில முதல் தமிழ்ப் பேராசிரியர். அவர்ர சிலைக்கு மாலை போட மட்டும் முன்வரிசையில நிப்பம்.

இன்னொரு விசயம். வீடியோவை ஒருக்கா சத்தத்தோட கேளுங்க. "இங்கிலீசில கேளும்" எண்டதை சேர் எந்த மொழியில சொன்னவர்? தமிழில! ஏசுறதுக்குத் தமிழ் காணும், பதில் சொல்லத்தான் காணாது.

மரியாதை இல்லாம எழுதிறன் எண்டு சொல்லுவீங்க. அந்தப் பிள்ளைக்கு எந்த மரியாதை குடுத்தீங்க? தகப்பன் தோணியில போறவராம். மகள் மைக் பிடிக்கப் போறாள் எண்டு ஊரெல்லாம் சொல்லியிருப்பார், எனக்கு அதுதான் தாங்கேலாம இருக்கு. அவள் முகநூலையும் மூடிட்டாளாம்.

கைதட்டினவங்களில மீன்வளம் படிச்சவங்க நாலு பேராவது இருக்கீங்க, எனக்குத் தெரியும். முகத்துவாரம் வெட்டினா இறால் குஞ்சுக்கு என்ன நடக்கும்? கீழ எழுதுங்க. இங்கிலீசில எண்டாலும் பரவாயில்ல, நான் அவளுக்குச் சொல்லிவிடுறன்.