படிக்கட்டைத்தான் வரைவோம், என்ன இப்போ?

இடிச்ச எங்க ஹவுசிங் போர்டு பிளாக்கோட படிக்கட்டை ஒரு தம்பி வரைஞ்சு நெட்ல போட்டிருந்தான். அதுக்குக் கீழ ஒரு கமெண்ட். "இடிய வேண்டியதை இடிச்சாங்க, புதுசு கட்டித் தராங்க, இதுக்கெல்லாமா ஒப்பாரி?" அதுக்கு லைக் வேற குவியுது.

சார், கட்டடம் மோசம்னு எங்களுக்கு நீங்க பாடம் எடுக்க வேணாம். 2021 டிசம்பர்ல திருவொற்றியூர்ல ஒரு குடியிருப்பு அப்படியே சரிஞ்சதே, அன்னிக்கு ராத்திரி தூங்காதவங்க நாங்க. தாராளமா இடிங்க. யாரும் பொக்லைன் முன்னாடி படுக்கல. வரையறோம், அவ்வளவுதான்.

அந்தப் படிக்கட்டுல என்ன இருக்குன்னு கேக்கறீங்க. எங்க ஆயா செத்தப்போ ஐஸ் பெட்டி அந்தத் திருப்பத்துல திரும்பல. ரெண்டு பிளாக்குக்கு நடுவுல சாமியானா போட்டுக் கீழதான் வச்சோம். எதிர் பிளாக்ல ஒரு வீட்டுலயும் டிவி ஓடல. மூணாவது மாடி அக்கா, டீத் தூக்கைக் கயித்துல கட்டி இறக்கிக்கிட்டே இருந்தாங்க. படிக்கட்டு குறுகல்தான். அதனாலதான் எங்க சாவு எல்லாருக்கும் சாவு. இதை எந்த பிளான்ல தேடுவீங்க?

லண்டன்ல ராபின் ஹூட் கார்டன்ஸ்னு 1972ல கட்டி முடிச்ச அரசுக் குடியிருப்பு. 2017ல இடிக்கும்போது விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் மூணு மாடி உயரத் துண்டையே எடுத்து வச்சுக்கிட்டு, மறு வருஷம் வெனிஸ் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டுச்சு. (குடியிருந்தவங்களை அனுப்பிட்டு சுவத்தை வச்சுக்கிட்டாங்கன்னு அங்கயும் திட்டு விழுந்தது, அது வேற பஞ்சாயத்து.) அங்க கான்கிரீட்டைத் தூக்கிட்டுப் போனா கலை. இங்க ஒரு பையன் கரிக்கட்டையால வரைஞ்சா ஒப்பாரி.

"வறுமையை அழகாக்கறீங்க"ன்னு ஒரு அறிவாளி. அழகா இருக்குன்னு யாருங்க சொன்னா? இருந்துச்சுன்னு சொல்றோம். "அந்தக் காசுல வீடு கட்டலாமே"ன்னு இன்னொருத்தர். எந்தக் காசு? சார்ட் பேப்பர் வாங்கின காசா?

2020ல சென்னை ஓரத்துல இருக்கற கண்ணகி நகர் குடியிருப்புச் சுவரெல்லாம் பெருசு பெருசா ஓவியம் வந்தப்போ செல்ஃபி எடுக்க ஓடினவங்கதானே நீங்க? ஊருக்கு நடுவுலேருந்து அங்க கொண்டுபோய் விடப்பட்ட சனம், விட்டுட்டு வந்த இடத்தை வரைஞ்சா மட்டும் கசக்குதா?

எங்ககிட்ட போட்டோவும் கிடையாது. கல்யாணம், காதுகுத்துன்னாதான் கேமரா வரும். அப்பவும் பின்னாடி ஸ்கிரீன் கட்டி பிளாக்கை மறைச்சுடுவோம். ஆல்பம் ஆல்பமா தேடிட்டேன், நீலத் துணியும் ஜிகினாவும்தான் தெரியுது. அந்த வெக்கத்தை நாங்க பொறக்கும்போதே கொண்டு வரல. இந்த மாதிரி கமெண்டுதான், அப்போ நேர்ல வரும், முகத்துக்கு முன்னாடி.

தம்பி, நீ அடுத்து மொட்டமாடியை வரை. கமெண்டை மட்டும் பூட்டிட்டுப் போடு.