அறிவியல் புனைவு வீடியோ கேம்களிடமிருந்து மேசை ஆட்டத்துக்கு எதை எடுத்துவருவது?

அறிவியல் புனைவு வீடியோ கேம் ஒன்றை ஆடி முடித்த கையோடு, அந்த உலகத்தை அப்படியே தம் மேசை ரோல்பிளேயிங் ஆட்டத்துக்குள், அதாவது நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை வீசியும் ஆடும் கதையாட்டத்துக்குள், கொண்டுவரத் துடிக்கும் கேம் மாஸ்டர்கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) பலர். அவர்கள் முதலில் எழுதிவைப்பவை பெரும்பாலும் வேற்றுக்கிரக இனங்களின் பெயர்கள், ஆயுதப் பட்டியல், விண்மீன் வரைபடம் ஆகியவைதான். எடுப்பதற்கு எளிதானவை இவை. பகடை உருளத் தொடங்கியதும் முதலில் மறந்துபோகிறவையும் இவையே. அந்த விளையாட்டு ஆடுபவரை எத்தகைய முடிவின் முன் நிறுத்தியது, எதை அவர் கண்ணில் படாமல் வைத்திருந்தது என்ற இரண்டையும் கவனித்து எடுத்துவந்தாலே போதும் என்பது என் உறுதியான கருத்து.

2012-இல் வெளிவந்த 'எஃப்டிஎல்: ஃபாஸ்டர் தேன் லைட்' இதற்கு மிக நல்ல பாடம். விண்கப்பல் ஒன்றை நாம் நடத்தும் அந்த வீடியோ கேமில், கப்பலின் மின்சக்திக்கு ஓர் அளவுண்டு. கேடயம், எஞ்சின், ஆயுதம், ஆக்சிஜன் எல்லாம் அதையே பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஓர் அறையில் தீப்பிடித்தால் ஆட்களை அனுப்பி அணைக்கலாம். அல்லது வெளிக்கதவைத் திறந்து காற்றை விண்வெளிக்கு வெளியேற்றித் தீயைச் சாகடிக்கலாம், ஆனால் அந்த அறையில் நிற்பவருக்கும் மூச்சு நின்றுவிடும். இந்தச் சூழலை நான் நடத்திய ஓர் ஆட்டத்தில் வைத்தேன். சரக்கறையில் தீ, உள்ளே பொறியாளர், கதவின் விசை விமானியின் கையில். விமானியாக ஆடியவர் முடிவெடுக்கத் தயங்கிக்கொண்டிருக்கையில், பொறியாளராக ஆடியவர், "சரக்கு கட்டும் பட்டையால் என்னைத் தூணோடு பிணைத்துக்கொள்கிறேன், நீ கதவைத் திற, பத்து எண்ணியதும் மூடு" என்றார். கணினியில் இதற்கு இடமே இல்லை. அங்கே கதவு திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும், அவ்வளவுதான். மேசையில் நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம், அந்தப் பட்டை தாங்குமா என்பதற்கு ஒரு பகடை வீச்சைக் கேட்டது மட்டுமே. மின்சக்தி அலகுகளைக் கூட்டிக் கழிப்பதை நான் எடுத்துவரவில்லை, ஏனெனில் கணினி நொடியில் செய்யும் கணக்கை நாம் தாளில் போட்டால் ஆட்டம் படுத்துவிடும். தீயா, தோழனா என்ற கேள்வியை மட்டும் எடுத்துவந்தேன். விடையை ஆட்டக்காரர்கள் உருவாக்கினார்கள்.

2014-இல் வந்த 'ஏலியன்: ஐசோலேஷன்' விளையாட்டில், நம்மைத் துரத்தும் வேற்றுக்கிரக உயிரியைக் கணினி நிரலின் இரண்டு அடுக்குகள் இயக்குகின்றன. மேலடுக்குக்கு நாம் எங்கே ஒளிந்திருக்கிறோம் என்பது எப்போதும் தெரியும். கீழடுக்கான உயிரிக்குத் தெரியாது. மேலடுக்கு அதற்கு "அந்தப் பக்கம் போய்த் தேடு" என்ற அளவில் மட்டும் குறிப்புக் கொடுக்கிறது. மீதியை உயிரி தன் கண்ணாலும் காதாலும் கண்டறிய வேண்டும். ஆடுபவருக்கு நெருக்கடி அளவு மீறிப்போனால், மேலடுக்கே உயிரியைச் சற்றுத் தொலைவுக்கு அனுப்பிவிடுகிறது. திகில் ஆட்டம் நடத்தும் ஒவ்வொருவரும் இதை மனப்பாடம் செய்ய வேண்டும் என்பேன். கேம் மாஸ்டருக்கு எல்லாம் தெரியும் என்பதாலேயே, அவர் கையிலிருக்கும் அசுரனும் எல்லாம் தெரிந்ததுபோல் நடக்கத் தொடங்கிவிடுகிறது. ஆட்டக்காரர் எவ்வளவு சாமர்த்தியமாக ஒளிந்தாலும் அது நேராக அவர் முன்னால் வந்து நிற்கிறது. அப்போது அவர்களிடம் எஞ்சுவது பயமன்று, சலிப்பு. இதைத் தவிர்க்க, உயிரிக்கு இதுவரை என்னென்ன தெரியும் என்பதைத் தனித் தாளில் ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டே போகலாம்: குழாய் விழுந்த சத்தம் கேட்டது, மருத்துவ அறையில் விளக்கு எரிவதைப் பார்த்தது. அந்தத் தாளில் இல்லாததை வைத்து அது நகரக் கூடாது. இந்த ஒரு கட்டுப்பாடு, பல பக்க விதிகள் தராத நேர்மையை ஆட்டத்துக்குத் தருகிறது.

சிறிய விஷயங்களும் உண்டு. 2008-இன் 'டெட் ஸ்பேஸ்' கதாபாத்திரத்தின் உயிர்நிலையைத் திரையின் மூலையில் காட்டாமல், அவருடைய உடையின் முதுகுத்தண்டில் ஒளிரும் கோடாக வைத்தது. மேசையில் ஆக்சிஜனை எண்ணாகக் குறித்துவைப்பதற்குப் பதில் வில்லைகளாக நடுவில் அடுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துப்பாருங்கள். எல்லோருடைய பார்வையும் அங்கேயே போகும். 2017-இல் வந்த 'ப்ரே', தன் விண்வெளி நிலையத்தில் இறந்துகிடக்கும் ஊழியர்களுக்கும் பெயரும் பணியும் கொடுத்திருந்தது. பெயர்ப்பலகை உள்ள ஓர் உடல், பெயரில்லாத இருபது உடல்களைவிட ஆட்டக்காரரை அதிகம் நிறுத்துகிறது.

'அவுட்டர் வைல்ட்ஸ்' (2019) பற்றி மட்டும் எச்சரிக்கையோடு பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் நான் மிகவும் நேசிக்கும் விளையாட்டு அது. அதில் ஆடுபவரின் திறன் எண்கள் உயர்வதில்லை. கண்டறிந்த செய்திகள்தான் ஒரே முன்னேற்றம். சுமார் 22 நிமிடங்களுக்கு ஒருமுறை சூரியன் வெடித்துக் காலம் மீண்டும் தொடங்குகிறது. இதில் காலச் சுழலை எடுத்துவர முயன்றால் சிக்கல்தான்: திரையில் நொடியில் கடக்கும் பாதையை மேசையில் ஒவ்வொரு முறையும் வாயால் விவரிக்க வேண்டும், மூன்றாம் சுற்றுக்குள் எல்லோரும் களைத்துவிடுவார்கள். அறிவையே பரிசாக்கும் முறையைத் தாராளமாக எடுக்கலாம். பழைய கலங்கரை நிலையம் எந்த அலைவரிசையில் பேசும் என்பதைக் கண்டுபிடித்த குழுவுக்கு, பாத்திரத்தின் திறனை உயர்த்த வழங்கும் எந்த அனுபவப் புள்ளியும் தராத ஒரு புதிய கதவு திறக்கிறது.

சிலவற்றை வீடியோ கேமிலேயே விட்டுவிடுவது நல்லது. 'மாஸ் எஃபெக்ட்' (2007) போல நற்பண்புக்கும் கடுமைக்கும் தனித்தனிப் புள்ளி வைப்பது, வரம்புக்குட்பட்ட உரையாடல் தெரிவுகளைக் கொண்ட கணினிக்குத் தேவையாக இருந்திருக்கலாம். எதிரே மனிதர்களே அமர்ந்திருக்கும் மேசையில் அதற்கு வேலையில்லை. 1994-இன் 'சிஸ்டம் ஷாக்' பரவலாக்கிய, கதாபாத்திரங்கள் தம் குரலில் விட்டுச்செல்லும் ஒலிப்பதிவுக் குறிப்புகளும் அப்படியே. அவற்றைப் பின்பற்றி ஒரு முழுப் பக்கத்தை உரக்க வாசித்தால் யாரும் கேட்பதில்லை. பாதியில் அறுந்த ஒரே ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் அதைப் பற்றியே பேசித் தீர்ப்பார்கள்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையாக இருந்ததில்லை. 1997-இன் 'ஃபால்அவுட்' முதலில் 'கர்ப்ஸ்' என்ற மேசை விதிமுறையின் மேல் கட்டப்படவிருந்தது. 2022-இல் வந்த 'சிட்டிசன் ஸ்லீப்பர்' மேசை ஆட்டங்களிடம் கடன்பட்டிருப்பதை வெளிப்படையாகச் சொல்கிறது. அதில் ஒவ்வொரு சுழற்சியின், அதாவது ஒவ்வொரு நாளின், தொடக்கத்திலும் பகடைகளை முன்கூட்டியே வீசிவிடுகிறார்கள். உடல் நலிய நலியப் பகடைகளின் எண்ணிக்கை குறைகிறது. ஆறு விழுந்த பகடையை எங்கே செலவிடுவது, ஒன்று விழுந்த பகடையை எந்த வேலையில் தள்ளிவிடுவது என்பதுதான் அந்த நாளின் முழுக் கவலையும். இதை அப்படியே மேசைக்குத் திருப்பிக் கொண்டுவரலாம். பழுதடைந்த கப்பலில் சிக்கிய குழுவுக்கு, காலையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து பகடைகளை வீசி நடுவில் வையுங்கள். அந்த ஒற்றை ஆறு எஞ்சினுக்கா, காயம்பட்டவருக்கா என்று அவர்களே வாதாடட்டும், நீங்கள் குறுக்கே பேச வேண்டாம்.