'ஏனென்றால்' சொன்னால் வேலை நடந்துவிடுமா?

"கேட்கும்போது 'ஏனென்றால்' என்று சேருங்கள், காரணம் எதுவானாலும் 93 சதவீதம் பேர் ஒத்துக்கொள்வார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி.

அது உளவியலாளர் எலன் லாங்கரும் இன்னும் இருவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வு. நியூயார்க்கில், ஜெராக்ஸ் எடுக்க வந்தவரிடம் போய், "5 பக்கம் இருக்கிறது, நான் முதலில் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார்கள். வெறுமனே கேட்டபோது 60 சதவீதம் பேர் வழிவிட்டார்கள். அவசரம் என்று சொன்னதும் 94. "ஏனென்றால் நகல் எடுக்க வேண்டும்" என்ற சொத்தைக் காரணத்துக்கும் 93. (ஜெராக்ஸ் மெஷினில் வேறென்ன, தோசையா சுடுவார்கள்?) பகிர்கிறவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அப்புறம் 20 பக்கம் என்று கேட்டார்கள். வெறுமனே கேட்டால் 24 சதவீதம். சொத்தைக் காரணத்துக்கும் அதே 24! நிஜமாகவே அவசரம் என்றபோது மட்டும் 42. அதாவது, தனக்குப் பெரிதாக நஷ்டமில்லை என்றால் ஆள் காரணத்தைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. நேரம் போகும் என்று தெரிந்தால் உடனே கவனிக்கிறார். சம்பள உயர்வு கேட்கவும் கடன் கேட்கவும் இந்த 93ஐ நம்பிப் போகாதீர்கள்.

இன்னொன்று, அந்தச் சோதனை ஆங்கிலத்தில் நடந்தது. நம் ஊர் ஜெராக்ஸ் கடையில் யார் 'ஏனென்றால்' என்கிறார்கள்? "அண்ணே, பஸ் வந்துரும், இந்த ஒரு ஆதாரை மட்டும் எடுத்துக்கிறேன்" என்று காரணத்தை முதலில் வைத்துத்தானே கேட்கிறோம்.