கடல் ட்ரவுட்டின் உடம்பில் உப்பு ஊறுவதில்லை

"ட்ரவுட் நன்னீர் மீன். நோர்வேயில் அதைக் கடல் கூட்டில் வளர்ப்பதால் உடம்பெல்லாம் உப்பு ஊறி நோயாகிவிடுகிறது, பிரஷர் உள்ளவர்கள் தொடக்கூடாது" என்று ஒருவர் இணையத்தில் எழுதியிருக்கிறார். பலர் பகிர்ந்தும் விட்டார்கள். இது சரியில்லை.

நோர்வேயில் கடலில் வளர்ப்பது வானவில் ட்ரவுட் என்ற இனம். நுவரெலியா ஓடைகளில் இருப்பதும் அதுதான். ஆனால் வட பசிபிக் கரைகளில் இதே இனத்தின் ஒரு பகுதி ஆற்றில் பொரித்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்புகிறது. கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. மீனின் இரத்தத்தில் அதில் மூன்றிலொரு பங்குதான். மீன் கடல்நீரைக் குடிக்கும், மேலதிக உப்பைச் செவுள் வெளியே தள்ளிவிடும். மிகச் சிறிய குஞ்சைத் திடீரென்று கடலில் விட்டால் அது தாங்காது, உண்மை. அதனால்தான் நன்னீரில் ஓரளவு வளர்த்த பிறகே மாற்றுகிறார்கள்.

நீங்களே பார்க்கலாம். யாழ்ப்பாணம் பாசையூரில் வாங்கிய பாரைத் துண்டு ஒன்றை உப்புப் போடாமல் அவித்துச் சாப்பிடுங்கள், சப்பென்றிருக்கும். அதுவும் கடல் மீன்தானே! ட்ரவுட் பொதியிலும் சோடியம் அளவைப் பாருங்கள். புகையூட்டியதில் கூடுதலாக இருக்கும், அது பதப்படுத்தும்போது சேர்த்த உப்பு. பச்சை மீன் பொதியோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.