எச்-இன்டெக்ஸ் 19 என்றால் 19 கட்டுரை என்று அர்த்தமில்லை

தங்கச்சிமடத்திலிருந்து போய் செல் உயிரியலில் ஆராய்ச்சி செய்பவரைப் பற்றி இங்கே ஒரு பதிவில் ஒரு அண்ணன், "எச்-இன்டெக்ஸ் 19தான், அப்படியென்றால் இத்தனை வருஷத்தில் 19 கட்டுரைதான் எழுதியிருக்கிறார்" என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் நாலைந்து பேர் பகிர்ந்தும் விட்டார்கள்.

அண்ணே, அது கட்டுரைகளின் எண்ணிக்கை இல்லை. ஒருவருடைய ஆராய்ச்சிக் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் பெறுகின்றன என்று அளக்க, ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் முன்வைத்த கணக்கு. மற்ற கட்டுரைகளில் ஒவ்வொன்றும் குறைந்தது 19 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் நம் ஊர் ஆராய்ச்சியாளருக்கு 19 இருக்கின்றன என்பதுதான் பொருள். பாம்பன் ஏலத்தில் பெரிய மீனை மட்டும் தனியாக எண்ணிச் சொன்னால், கூடையில் மொத்தமே அவ்வளவுதான் என்று ஆகிவிடுமா?

நீங்களே பார்க்கலாம். ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் தளத்தில் அவருடைய பக்கத்தைத் திறந்தால், அதிகம் மேற்கோள் பெற்றது மேலே இருக்கும். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். நேற்று நான் பார்த்தபோது 19-வது கட்டுரைக்கு நேரே 21 மேற்கோள் இருந்தது, 20-வதற்கு நேரே 18. மேற்கோள் வரிசை எண்ணைவிடக் குறைந்துவிட்டது, அதனால் கணக்கு 19-லேயே நிற்கிறது. பட்டியல் நிற்கவில்லை, 46 வரை போகிறது. (ஸ்கோப்பஸ் என்ற இன்னொரு கட்டுரைத் தரவுத்தளத்தில் எண் கொஞ்சம் மாறும். அது தன் பட்டியலில் சேர்த்துக்கொண்ட வெளியீடுகளை மட்டும்தான் எண்ணும்.)

ஒரு விஷயம், அந்தப் பக்கம் முதலில் 20 கட்டுரைகளை மட்டுமே காட்டும். அடியில் இருக்கும் பொத்தானைத் தட்டினால்தான் மீதி வரும். குழப்பம் அங்கேதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.